தட்டிலே சோறு! தந்தவர் யார்?

சோறு எங்கிருந்து வருகிறது?

எளிய கேள்வி. ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், "அம்மா ஆக்கிப் போடுது" என்று சொல்லும். அம்மாவுக்கு அரிசி எங்கிருந்து வந்தது என்றால், "கடையிலிருந்து" என்று சொல்லும். கடைக்கு எங்கிருந்து வந்தது? பிள்ளை விழிக்கும். பக்கத்திலே பெரியவர் ஒருவர் இருந்தால், வானத்தை நோக்கிக் கையைத் தூக்கி, "எல்லாம் அவன் படியளக்கிறான், கண்ணு!" என்பார். பாடம் அதோடு முடிந்துவிடும்.

முடிந்துவிடுகிறதா? இல்லை தோழர்களே, கேடு அங்கேதான் தொடங்குகிறது!

படியளப்பவன் மேலே இருக்கிறான் என்று பிள்ளை நம்பிவிட்டால், கீழே சேற்றிலே நிற்பவன் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டான். கடைதான் அரிசியின் ஊற்று என்று நம்பிவிட்டால், காசு வைத்திருப்பவன்தான் சோற்றை உண்டாக்குகிறான் என்று எண்ணிவிடும். முன்னது ஆண்டவன் பெயரால் வந்த மயக்கம். பின்னது அங்காடியின் பெயரால் வந்த மயக்கம். இரண்டு மயக்கத்துக்கும் இடையிலே, நாற்று நட்டவள் மறைந்துபோகிறாள். மூட்டை சுமந்தவன் மறைந்துபோகிறான். அடுப்பிலே வெந்தவள் மறைந்துபோகிறாள். உழைத்தவனை மறைத்துவிட்டு உண்ணப் பழகிய பிள்ளை, நாளைக்கு அவனுடைய கூலியையும் மறக்கும், உரிமையையும் மறுக்கும்.

"மாநில உரிமையும் மொழி உரிமையும் பேசவேண்டிய பத்தியிலே, பிள்ளைகளுக்குப் பருப்பும் கத்தரிக்காயும் எங்கிருந்து வந்தன என்ற பேச்சு எதற்கு?" என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். அவர்களுக்குச் சொல்கிறோம்: சோற்றுப் பேச்சு இந்த இயக்கத்துக்குப் புதிய பேச்சு அல்ல. பள்ளிப் பிள்ளையின் பசியை அரசியலாக்கியதே நம் முன்னோர்தான்.

1920-ஆம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவர் நாற்காலியிலே வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே, பசியோடு வரும் ஏழைப் பிள்ளைக்குப் பகலிலே சிற்றுண்டி தருவது என்று தீர்மானம். தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு! ஓர் அணாதான். ஆனால் அந்த ஓர் அணா, "படிப்பு உயர்ந்தோர்க்கு, பட்டினி தாழ்ந்தோர்க்கு" என்றிருந்த பழைய கணக்கைத் திருத்தி எழுதிய அணா.

பிறகு 1956-லே காமராசர் பள்ளிகளிலே மதிய உணவைப் பரப்பினார். 1982-லே எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-லே கலைஞர் முட்டை சேர்த்தார். 2010-லே வாரம் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளிலே, மதுரையிலே காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 2023 ஆகஸ்டு 25-லே, திருக்குவளையிலிருந்து அது மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. கட்சி வேறுபாடு பாராமல் ஒவ்வொருவர் பங்கையும் சொல்லுகிறோம். ஏனெனில் பிள்ளையின் வயிறு கொடியின் நிறம் பார்ப்பதில்லை.

நூறாண்டுக்கு மேலாகத் தட்டிலே சோறு வைத்தோம். நல்லது. அந்தச் சோற்றோடு சோற்றின் கதையையும் வைத்தோமா? அதுதான் நம் கேள்வி.

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாள் மதிய உணவுக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. பெரியவர் கையாலே ஒரு பிடிக்குச் சற்று மேலே. அந்த ஒரு பிடியைக் கரும்பலகைக்கு முன்னே வைத்து, ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசலாமே! என்ன பேசுவது என்பாரா? நாம் சொல்லுகிறோம்.

புழுங்கல் நெல் 100 கிலோ அரைத்தால், அரிசி ஏறத்தாழ 68 கிலோ. மிச்சம் உமியும் தவிடும். ஆக, பிள்ளையின் 100 கிராம் அரிசிக்கு, ஏறத்தாழ 150 கிராம் நெல் வேண்டும். ஒரு கிலோ நெல் விளைய, வயலுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது நெல் ஆராய்ச்சியாளர் கணக்கு. பெருக்கிப் பாருங்கள்! ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக்குப் பின்னாலே 370 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர்க் குடத்திலே ஏறத்தாழ 25 குடம்! பெருக்கல் வாய்ப்பாடும் வந்துவிட்டது. காவிரிப் பிரச்சினையும் வந்துவிட்டது! 1934-லே கட்டி முடித்த மேட்டூர் அணை, ஜூன் 12-லே திறக்கும் வழக்கம், கல்லணையிலே பிரியும் ஆறு, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா எட்டாதா என்று ஏங்கும் ஊர், எல்லாம் அந்தத் தட்டுக்குள்ளே இருக்கின்றன. காவிரி நீருக்கு ஏன் இத்தனை ஆண்டுக் காலம் வழக்காடினோம் என்பது, அந்த 25 குடத்தை எண்ணிய பிள்ளைக்கு, மேடைப் பேச்சு இல்லாமலே விளங்கும்.

தண்ணீர் வந்தால் போதுமா? நாற்றங்கால் விட்டவர் யார்? இடுப்பை வளைத்து, காலை முதல் மாலை வரை பின்னுக்கு நடந்து நடவு செய்த பெண்கள் யார்? களை பறித்தவர் யார்? குறுவை நெல் என்றால் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்க வேண்டும். அதற்குள்ளே மழை பொய்த்தால் ஒரு துயரம், அறுவடையிலே மழை கொட்டினால் மற்றொரு துயரம். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேலே இருக்கக்கூடாது என்று விதி. வானம் மூடியிருக்கும், களத்திலே நெல் குவிந்திருக்கும், உழவன் குவியலுக்குப் பக்கத்திலே படுத்திருப்பான். பிறகு 40 கிலோ மூட்டை. அதைத் தோளிலே ஏற்றியவர் ஒருவர். லாரியை இரவெல்லாம் ஓட்டியவர் ஒருவர். அரவை ஆலையிலே ஆவியிலும் தவிட்டுத் தூசியிலும் நின்றவர் ஒருவர். கிடங்கிலே அடுக்கியவர் ஒருவர்.

இது அரிசி மட்டும். சாம்பாரைப் பாருங்கள்! துவரம் பருப்பு, கர்நாடகத்துக் கலபுரகிப் பக்கம் விளைவது உண்டு. நாட்டு விளைச்சல் போதாமல் மியான்மரிலிருந்தும், ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலேறி வருவதும் உண்டு. மிளகாய், நம் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு நம்முடையது என்று நாம் நினைக்கும் அந்த மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துகீசியர் வந்தபின் இங்கே வந்தது. அதற்கு முன்பு நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகு. உருளைக்கிழங்கும் தக்காளியும் அதே கண்டத்துச் சரக்குகளே. முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. உப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. அங்கே வெண்மையான உப்பின்மேல் விழுந்த வெயில் திரும்பிக் கண்ணிலே அடிக்க, உப்பு நீரிலே கால் வெடிக்க, வாரிக் குவிக்கிறார்கள் ஆணும் பெண்ணும். ஒரு கரண்டி சாம்பாருக்குள்ளே மூன்று கண்டங்கள்! தன் ஊர், தன் சாதி, தன் தெரு என்று சுருங்கிக் கிடக்கும் நெஞ்சை விரிக்க, இதைவிட நல்ல பூகோளப் பாடம் உண்டா?

இங்கே ஆலைத் தோழரை, சுமை தூக்கும் தோழரை, லாரித் தோழரை நேரே பார்த்துக் கேட்கிறோம். "உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று வகுப்பிலே கேட்டால், உங்கள் பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லுகிறதா? அல்லது பக்கத்துப் பிள்ளை சிரிக்குமோ என்று குனிந்துகொள்கிறதா? "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்", "மூட்டை தூக்கத்தான் போவாய்" என்று நாமே வீட்டிலே திட்டுகிறோம். பள்ளியிலே சிலர் திட்டுகிறார்கள். மாடு மேய்ப்பவர் இல்லாமல் பால் எங்கே? மூட்டை தூக்குபவர் இல்லாமல் சோறு எங்கே? பிள்ளை உயர வேண்டும் என்ற ஆசையிலே பேசுகிறோம். ஆனால் பிள்ளையின் காதிலே விழுவது என்ன? "உழைப்பு என்பது தோற்றவனுக்கு விதித்த தண்டனை" என்பதுதான்! தகப்பனின் தோளிலே இருக்கும் தழும்பைப் பார்த்து வெட்கப்படும் பிள்ளையைப் படிப்பு உருவாக்குமானால், அந்தப் படிப்பிலே ஏதோ ஓர் ஏடு கிழிந்திருக்கிறது என்று பொருள். அந்தக் கிழிந்த ஏட்டை ஒட்டத்தான் சொல்லுகிறோம்.

இந்த இடத்திலே, எதிர்முகாமிலிருந்து ஒரு குரல் எழும்பும், எழும்பட்டும். "பார்த்தீர்களா! 1953-லே ஆச்சாரியார் சொன்னதைத்தானே நீங்களும் சொல்லுகிறீர்கள்? பிள்ளைகளைத் தொழிலோடு பழக்கவேண்டும் என்றாரே, அதைக் குலக்கல்வி என்று கூக்குரலிட்டு எதிர்த்தீர்களே! இன்றைக்கு வயலைக் காட்டு, நெல்லைக் காட்டு என்கிறீர்களே!" என்பார்கள்.

இல்லை அன்பர்களே! இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று நேர்ப்பகை. எப்படி என்பதை வரிசையாகச் சொல்லுகிறோம்.

ஆச்சாரியார் திட்டம் பள்ளி நேரத்தை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்திலே தகப்பன் தொழிலைப் பழகு என்றது. நாம் பள்ளி நேரத்திலே ஒரு நிமிடத்தையும் குறைக்கச் சொல்லவில்லை. பள்ளிக்குள்ளே, ஆசிரியர் வாயாலே, அறிவாகத் தரச் சொல்லுகிறோம். அந்தத் திட்டம் குயவன் மகனுக்குச் சக்கரம், வண்ணான் மகனுக்குத் துறை, உழவன் மகனுக்கு ஏர் என்று பங்கு போட்டது. அக்கிரகாரத்துப் பிள்ளைக்கோ அரைநாளும் ஏடுதான்! நாம் சொல்லுவது எல்லாப் பிள்ளைக்கும். ஆட்சித் தலைவர் மகளும் நாற்றைக் கண்ணால் காணட்டும். அடுக்குமாடி வீட்டுப் பிள்ளையும் பதரும் மணியும் பிரித்துப் பார்க்கட்டும். அந்தத் திட்டம் கையைப் பழக்கிக் காலைக் கட்டியது. நாம் கண்ணைத் திறந்து காலை அவிழ்த்துவிடச் சொல்லுகிறோம். உழவன் மகன் பொறியாளராகட்டும், மருத்துவராகட்டும், நீதிபதியாகட்டும். ஆனால் நாளை நெல் விலை வழக்கு தன் முன்னே வரும்போது, நெல் என்றால் என்னவென்று தெரிந்த நீதிபதியாக இருக்கட்டும்!

குலக்கல்வியை 1954-லே, காமராசர் முதல்வரானபின் குழிதோண்டிப் புதைத்தாயிற்று. அது வேறு பெயரிலே, வேறு வண்ணத்திலே, மீண்டும் எட்டிப் பார்த்தால் முதலிலே எதிர்த்து நிற்பது நாம்தான். ஆகவே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுகிறோம். உணவைப் பற்றிய பாடம் என்ற பெயரிலே, பிள்ளைகளைக் கொண்டு பள்ளித் தோட்டத்தை வெட்டவைப்பதோ, தண்ணீர் சுமக்கவைப்பதோ, பாத்திரம் கழுவவைப்பதோ, அதிலும் ஏழைப் பிள்ளையை, சேரிப் பிள்ளையைப் பொறுக்கி எடுத்து ஏவுவதோ நடந்தால், அது பாடமல்ல, பழைய கொடுமை. ஒரு பிள்ளை செய்தால் எல்லாப் பிள்ளையும் செய்யவேண்டும், விளையாட்டைப் போலச் செய்யவேண்டும், வேலையாகச் செய்யக்கூடாது.

வயலிலே விளைந்தால் மட்டும் சோறாகிவிடாது. ஆக்கும் கை வேண்டும். அந்தக் கையைப் பற்றிப் பேசாமல் சோற்றின் கதை முடியாது.

1924, 25-லே சேரன்மாதேவிக் குருகுலத்திலே என்ன நடந்தது? தேசியக் கல்வி என்று சொல்லி ஊரார் பணத்திலே நடந்த இடத்திலே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப் பந்தி! தந்தை பெரியாரும் வரதராசுலுவும் கொதித்தெழுந்தார்கள். பிள்ளைகள் ஒன்றாக உண்ணக்கூடாது என்ற அந்த ஒரு வேளைச் சாப்பாடு, தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே திருப்பியது. அது நூறாண்டுக்கு முந்திய கதை என்று ஆறுதல் கொள்ளலாமா? 2018-லே, திருப்பூர் மாவட்டம் அவினாசி வட்டாரத்திலே, அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலே சமைக்க வந்த பெண்ணின் சாதியைச் சொல்லி, "அவள் சமைத்தால் எங்கள் பிள்ளை உண்ணாது" என்று நின்றார்கள் பெரியவர்கள். அந்த அம்மையாரை இடம் மாற்றினார்கள்; கண்டனம் எழுந்தபின் மாற்றத்தை நீக்கினார்கள்; வன்கொடுமைச் சட்டப்படி வழக்குப் பதிவாயிற்று.

எண்ணிப் பாருங்கள்! நட்டவள் சேரிப் பெண்ணாக இருந்தால் நெல்லுக்குத் தீட்டு இல்லை. அறுத்தவள், தூற்றியவள், சுமந்தவள் சேரிப் பெண்ணாக இருந்தால் அரிசிக்குத் தீட்டு இல்லை. அடுப்பிலே ஏற்றும்போது மட்டும் எங்கிருந்தோ தீட்டு பறந்துவந்து ஒட்டிக்கொள்கிறதாம்! பெரியவர்களின் இந்தப் பித்தலாட்டம் பிள்ளைக்கு எட்டாமல் தடுக்க ஒரே வழி, சோறு வந்த பாதையை முழுக்கக் காட்டுவது. வயல் முதல் வாய் வரை அந்தச் சோற்றைத் தொட்ட கைகளை வரிசையாக எண்ணிய பிள்ளை, கடைசிக் கையை மட்டும் தள்ளிவைக்காது. "அத்தனை பேர் தொட்டதைத்தானே தின்கிறோம், இவர் தொட்டால் என்ன?" என்று அது திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தச் சாதிச் சங்கத்தாலும் முடியாது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் உண்டு, கசப்பான பாடம். 1968 டிசம்பர் 25 இரவு. கீழத் தஞ்சையிலே கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளரின் சேரியிலே, ஒரு குடிசைக்குள்ளே 44 உயிர் எரிந்து சாம்பலாயிற்று, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அண்ணா முதல்வராக இருந்த காலம் அது. நம் ஆட்சிக் காலத்திலே நடந்தது என்பதற்காக அதை ஏட்டிலிருந்து கிழித்துவிடக்கூடாது என்பது நம் உறுதியான கருத்து. அடுத்த ஆண்டு, 1969-லே, உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தஞ்சை நெற்களஞ்சியம் என்று பெருமையோடு பாடம் எழுதுகிறோம். களஞ்சியத்தை நிரப்பியவர் களத்திலே எந்நிலையில் இருந்தார் என்பதையும் எழுதினால்தான் அது முழுப் பாடம். நெல்லை மட்டும் காட்டி, நெல்லுக்கு நடந்த போராட்டத்தை மறைத்தால், உமியைக் கொடுத்து அரிசியை ஒளித்த கதையாகும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பவருக்கு ஒரு செய்தி. ஜப்பான் நாட்டிலே, 2005-லே, உணவுக் கல்விக்கென்றே தனிச் சட்டம் இயற்றினார்கள். அங்கே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மதிய உணவை முறை வைத்துத் தாமே பரிமாறுகிறார்கள். பணக்காரப் பிள்ளைக்கு ஒரு முறை, ஏழைப் பிள்ளைக்கு ஒரு முறை என்பது இல்லை. வயலே இல்லாத நகரத்துப் பள்ளிகளிலே வாளியிலே சேறு நிரப்பி நெல் வளர்க்கும் வழக்கமும் உண்டு. ஒரு வாளி! ஒரு பிடி மண்! சில நாற்று! விண்வெளிக்கு ஏவுகணை விடும் நாடு, வாளியிலே நெல் நடுவதை இழிவென்று எண்ணவில்லை. உழவுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த நாட்டிலே, நாம் ஏன் எண்ணவேண்டும்?

ஆகவே தோழர்களே, பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. கிளைக் கழகத் தோழர் கையிலே செய்யக்கூடிய வேலை இருக்கிறது.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலே, பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வகுப்புக்கு ஒரு வாளி நெல் வைக்கக் கேளுங்கள். வாளியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். நாற்று முளைத்து, பூத்து, பால் பிடித்து, மணி முற்றும் வரை, ஏறத்தாழ நான்கு மாதம் பிள்ளைகள் பார்க்கட்டும். முற்றியபின் உருவி, குத்தி, எத்தனை பிடி அரிசி தேறியது என்று எண்ணட்டும். ஒரு வாளிக்கு ஒரு பிடி தேறாமற்போனாலும் போகட்டும். அந்த ஏமாற்றமும் பாடம்தான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சோற்றைச் சிந்தாது.

1999 நவம்பர் 14-லே மதுரையிலே கலைஞர் தொடங்கிய உழவர் சந்தை, பிறகு ஊர் ஊராக வந்தது. விளைவித்தவரே விற்கும் இடம் அது. ஆண்டுக்கு ஒரு முறை ஆசிரியரோடு பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லக் கேளுங்கள். "இதற்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டீர்கள்? என்ன விலைக்கு விற்றால் உங்களுக்குக் கட்டும்?" என்று பிள்ளைகள் கேட்கட்டும். உங்கள் கிளையிலே சுமை தூக்கும் தோழர் இருப்பார். லாரி ஓட்டும் தோழர் இருப்பார். ஆலைத் தோழர் இருப்பார். ஒரு நாள் ஒரு மணி நேரம் வகுப்பிலே வந்து தம் வேலையைச் சொல்ல அழைக்கும்படி தலைமை ஆசிரியரை வேண்டுங்கள். நாற்காலி போட்டு, அவரை உட்காரவைத்து, பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லட்டும். அந்த வகுப்பிலே அவருடைய சொந்தப் பிள்ளையும் இருந்தால், அன்றைக்கு அதன் முகத்தைப் பாருங்கள்!

கடைசியாக, சத்துணவுக் கூடத்திலே சமைக்கும் அம்மையாரின் பெயரைப் பள்ளியிலே எல்லாப் பிள்ளையும் அறிந்திருக்கவேண்டும். "ஆயா" என்று மட்டும் கூப்பிட்டுப் பழகிய வாய், பெயரோடு "அம்மா" என்று சேர்த்துச் சொல்லட்டும். அவருடைய ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிப் பேச வேண்டியது பெரியவர்களாகிய நம் கடமை. அதை எந்த அரசிடமும் நாம் கேட்போம்.

உண்பதற்கு முன்னே கை கழுவச் சொல்லித் தந்தோம். நல்ல பழக்கம். உண்பதற்கு முன்னே, ஒரு நொடி, "இது யார் உழைப்பு?" என்று கேட்கவும் சொல்லித் தருவோம். வானத்தைப் பார்த்துக் கும்பிடுவதற்குப் பதிலாக வயலைப் பார்த்து வணங்கும் ஒரு தலைமுறை வளரட்டும்! அந்தத் தலைமுறையிடம் உழவன் கூலிக்கும் விலைக்கும் கெஞ்ச வேண்டியிராது. தொழிலாளி மதிப்புக்கு மன்றாட வேண்டியிராது.

அந்த வேலையைத் தொடங்க ஒரு வாளி போதும். தோழர்களே, வாளியோடு புறப்படுங்கள்!